கலைச்சொல் உதவி: காரின் உட்புறப் பிளாஸ்டிக்கில் விழும் இருவகைக் கீறல்கள்

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர் – திங்கள் காலை

அன்புடையீர், வணக்கம்.

கார்ப் பட்டறை வேலைக்கான குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மற்ற இயல்கள் முடிந்துவிட்டன. கதவின் உட்புறத்திலும் டேஷ்போர்டிலும் உள்ள பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களைச் சரிசெய்யும் இயல் மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறது.

அந்தக் கீறல் இரண்டு வகை. செருப்பு முனையோ பையின் ஜிப்போ உரசிய இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படாது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே சூடேற்றினால் இந்தக் கோடு பெரும்பாலும் மங்கிவிடும். மற்றது, பொருளே பெயர்ந்துபோய் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறல். இதற்குச் சூடு உதவாது. சோப்பு நீரில் கழுவி, பழைய பாலிஷின் சிலிக்கோன் பசையை முற்றாக எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, ஒட்டுவதற்கான அடிப்பூச்சு அடித்து, பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்து, பக்கத்தில் உள்ள தோல்வரியை (பரப்பில் தோல்போலத் தெரியும் வரிவடிவத்தை) அதில் பதித்து, மங்கலான நிறம் அடிக்க வேண்டும்.

சென்ற பருவத்துக் குறிப்பில் இரண்டையும் 'கீறல்' என்றே எழுதியிருந்தேன். 'கீறலை மிதமாகச் சூடேற்றி நீக்குக' என்ற வரியைப் படித்த மாணவர் ஒருவர், சாவி இழுத்த ஆழமான கோட்டின் மேல் ஹீட் கன்னை அசைக்காமல் பிடித்தார். கோடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல்வரி உருகிச் சமமாகி, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. கதவுப் பலகையையே மாற்ற நேர்ந்தது. மாணவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் கொடுத்த சொல் அப்படி.

ஆகவே இரு கீறல்களுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். கதவின் இரும்பை உட்புறத்தில் மூடுவதும் பட்டறையில் 'டிரிம்' என்றும் 'டோர் பேட்' என்றும் வழங்குவதுமாகிய உறுப்புக்கும் ஒரு பொதுச்சொல் தேவை.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – திங்கள் மாலை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இணைப்பில் இயலின் தலைப்பாகக் 'கீறல் சீரமைப்பு' என்று இட்டிருக்கிறீர்கள். வேற்றுமைத் தொகையாதலின் லகரம் றகரமாகத் திரிந்து 'கீறற்சீரமைப்பு' என்று வரும். 'பாடற்பயிற்சி' என்று நாம் எழுதவில்லையா? 'நீக்கம்' என்று மாற்றினால் 'கீறனீக்கம்' ஆகும். இது நிற்க.

மேலோட்டமான கோட்டுக்கு 'வரி' என்றும் ஆழமானதற்கு 'வடு' என்றும் கொள்ளலாம். டிரிம் என்பதற்கு நான் முன்வைப்பது 'உள்வேயல்'. கூரை வேய்தல் என்றால் மூடுதல். கண்ணி வேய்தல் என்றால் சூடி அழகுபெறுதல். கதவின் இரும்பை மூடுவதும் கண்ணுக்கு அழகு சேர்ப்பதுமாகிய இரு தொழிலும் அந்த உறுப்புக்கு உண்டு. இரண்டையும் ஒரே வேரில் சொல்லும் வாய்ப்பு வேறு எம்மொழிக்கு வாய்க்கும்?

'பிளாஸ்டிக்' என்று ஏன் எழுத வேண்டும் என்பதும் விளங்கவில்லை. 'நெகிழி' இருக்கிறது. அதன் பழைய உருவான 'ஞெகிழி' குறுந்தொகையில் கொள்ளிக்கட்டையைக் குறிக்கிறது. தினைக்காவலன் வீசும் ஞெகிழியைக் கண்டு விலகிய யானை, பின்னர் விண்மீனின் சுடரைக் கண்டும் அஞ்சுகிறது. சூட்டால் நெகிழும் பொருளுக்கும் சுடும் பொருளுக்கும் ஒரே வேர் அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் மாணவர் கையில் வைத்திருந்ததும் ஒருவகை ஞெகிழிதான்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர் – திங்கள் இரவு

ஐயாவின் 'கீறனீக்கம்' என்ற சொல்லைக் கண்டதும், நக்கீரரைச் சங்கத்திலிருந்து நீக்கிய வரலாறு ஏதோ வரப்போகிறது என்றே எண்ணினேன். ரகர றகர வேறுபாடு எனக்குத் தெரியும். பதினெட்டு வயதுப் பிள்ளை பட்டறை இரைச்சலில் அதைப் பார்க்குமா என்பதுதான் கேள்வி.

'வடு' பொருந்தாது. தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்றார் வள்ளுவர். ஆறாத ஒன்றின் பெயரை, ஆற்றுவதற்கு வழி சொல்லும் பாடத்துக்கு வைப்பது முரண்.

'கீறல்' என்ற சொல்லிலும் எங்கள் பக்கத்தில் ஓர் இடைஞ்சல் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் படம் கீறுவார்கள், கோடு கீறுவார்கள். நீங்கள் 'வரைதல்' என்று சொல்வது எங்களுக்குக் கீறுதல். ஆனாலும் முன்னால் ஓர் அடை சேர்ந்துவிட்டால் மயக்கம் தீரும். 'வெண்கீறல்', 'ஆழ்கீறல்' என்று வைத்தால் இரு கரையிலும் விளங்கும்.

உள்வேயல் அழகான சொல். ஆயினும் அச்சில் அதைப் பார்ப்பவர் 'உள்வெயில்' என்று படித்துவிடுவார். வெயிலில் டேஷ்போர்டு வெளிறுவது வேறு பாடம் அல்லவா? 'உள்மறைப்பு' என்றால் போதுமே. 'பிளாஸ்டிக்' அப்படியே இருக்கட்டும். எங்கள் பாடநூல்களில் அதைப் 'பிளாத்திக்கு' என்று எழுதிப் பார்த்தார்கள். பிள்ளைகள் தேர்வில் அப்படி எழுதிவிட்டு, கடையில் 'பிளாஸ்டிக்' என்றே கேட்டார்கள்.

ஒரகடம், பிளாஸ்டிக் வார்ப்புப் பொறியாளர் – செவ்வாய் காலை

பொருளின் தன்மையைச் சொன்னால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன்.

கதவுப் பலகையைக் கழற்றி முதுகுப்புறம் பார்த்தால் 'பிபி-டிடி20' போன்ற ஒரு குறி அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். பாலிபுரோப்பிலீனுடன் நூற்றுக்கு 20 பங்கு டால்க் தூள் சேர்ந்தது என்பது அதன் பொருள். டால்க் என்பது நம் மாக்கல்; கல்சட்டி செய்யும் கல், பள்ளிக்கூடத்துப் பலப்பம் செய்த கல். விறைப்புக்காகவும் வார்த்தபின் சுருங்காமல் இருக்கவும் அதைச் சேர்க்கிறோம். உரசல் விழும்போது டால்க் துகள்கள் பிளாஸ்டிக்கின் பிடியிலிருந்து விலகி, சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்வெற்றிடங்கள் உண்டாகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் கோடு வெள்ளையாகத் தெரிகிறது. பொருள் பெரிதாக எதுவும் இழக்கப்படவில்லை. சூடேற்றினால் பரப்பு இளகி அந்த இடைவெளிகள் ஓரளவு மூடிக்கொள்கின்றன. பாலிபுரோப்பிலீன் 160 பாகை செல்சியஸை ஒட்டி உருகும். ஏபிஎஸ் என்னும் வேறு வகைப் பிளாஸ்டிக்கோ 105 பாகை அளவிலேயே தளரத் தொடங்கும். ஆகவே முதுகுக்குறியைப் படிக்காமல் ஹீட் கன்னைத் தொடக்கூடாது என்பதையும் பாடத்தில் சேருங்கள்.

இந்த நோக்கில் முதல் வகை கீறலே அன்று, அது ஒரு வெளுப்பு. பட்டறையிலும் 'வெளுத்திருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். 'உரசல்வெளுப்பு' என்றோ, சற்று விளையாட்டாகப் 'பலப்பக்கோடு' என்றோ வைக்கலாம்.

தஞ்சாவூர் – செவ்வாய் நண்பகல்

பொறியாளரின் விளக்கம் அருமை. ஆனால் பலப்பம் தெலுங்கு வழி வந்தது. மாக்கல் இருக்க அது எதற்கு? 'மாக்கோடு' என்று சொல்லிப் பாருங்கள், நாவில் எவ்வளவு எளிதாக அமர்கிறது!

'உள்மறைப்பு' புணர்ந்தால் 'உண்மறைப்பு' ஆகும் என்பதை யாழ்ப்பாணத்து அம்மையார் மறந்துவிட்டார். உள் என்பதோடு மை சேர்ந்து உண்மை ஆனது அவ்வாறே.

முதல் மடலில் வந்த 'பட்டி' தமிழே என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பட்டுதல், பட்டை, பட்டயம் ஆகியவற்றோடு அதற்கு உறவு இருக்கக்கூடும்; காயத்தின் மேல் பட்டை இடுவதுபோல் பள்ளத்தின் மேல் இடுவது பட்டி.

யாழ்ப்பாணம் – செவ்வாய் மாலை

பட்டி ஆங்கிலப் 'புட்டி'யிலிருந்து வந்தது. அந்தச் சொல் பிரெஞ்சு மொழியின் 'பொத்தே'யிலிருந்து வந்தது. அதற்குப் பானை நிறைய இருப்பது என்று பொருள். தமிழ்ப் பட்டைக்கும் அதற்கும் உறவு தேடினால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

'மாக்கோடு' என்றால் என் கண்முன் வருவது வாசலில் போட்ட மாக்கோலம். 'வெளுப்பு' என்றால் சலவையும் வெயிலும் நினைவுக்கு வருகின்றன. வெயிலில் வெளுத்ததைச் சூடேற்றி மீட்க முடியாது என்பதால் அதே குழப்பம் வேறு வாசலால் உள்ளே வரும்.

மதுரை, கார்ப் பட்டறை உரிமையாளர் – புதன் காலை

மூன்று நாள்களாக வாசித்து வருகிறேன். நான் தமிழ் படித்தவன் அல்லன். இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்பவன்.

'உப்புத்தாள்' என்று நாங்கள் சொல்கிறோம். அதில் ஒரு கல் உப்பும் கிடையாது. யார் வைத்த பெயரோ தெரியாது, எந்தப் பையனும் அதைத் தவறாக எடுத்து வந்ததில்லை. பெயர் சரியான பொருளைக் கைக்குக் கொண்டுவந்தால் போதும் என்பது என் எண்ணம்.

வேலைக்கு வரும் புதுப் பையனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழு, நகம் மாட்டினால் பட்டி, மாட்டாவிட்டால் சூடு. கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. வெள்ளைக் கோடு பார்வைக்கு எப்போதும் ஆழமாகவே தெரியும், கறுப்புப் பலகையில் உண்மையான பள்ளம் பல வேளை தெரியவே தெரியாது. ஆகவே 'நகம்படாக் கீறல்', 'நகம்படு கீறல்' என்று வைத்தால் பெயருக்குள்ளேயே சோதனை இருக்கும்.

'உண்மறைப்பு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், உண்மையை மறைப்பது போல இருக்கிறது. பழைய கார் விற்பவர்களில் சிலருக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

எந்தச் சொல்லை எடுத்தாலும், முன் இருக்கைக்கு எதிரே ஏர்பேக் மூடி இருக்கும் இடத்தில் சூடும் கூடாது, பட்டியும் கூடாது என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அந்த மூடி தன் கோட்டில் கிழிந்து திறக்கவேண்டியது. அங்கே இறுகிய பட்டி ஆளின் முகத்தை நோக்கித் தெறிக்கும். அந்த ஒரு வரியில் 'காற்றுப்பை' என்று எழுதாமல் ஏர்பேக் என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். காரில் அப்படித்தான் பொறித்திருக்கிறார்கள்.

கோவை – வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பு போகிறது. ஆகையால் முடிந்தவரை முடிவு செய்துவிட்டேன்.

இன்று வகுப்பில் பன்னிரண்டு மாணவர்களிடம் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, கழிவுப் பலகை ஒன்றில் ஆறு கோடுகள் இழுத்து, பெயர் சொல்லச் சொன்னேன். 'நகம்படு', 'நகம்படா' என்பவை கேட்டவுடன் விளங்கின. ஆனால் வேகமாகச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோல ஒலித்ததால் இருவர் மாற்றிச் செய்தனர். 'வெண்கீறல்' பற்றி ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. 'ஆழ்கீறல்' என்பதை அவர்களே 'பள்ளக்கீறல்' என்று மாற்றிக்கொண்டார்கள்; நானும் மாற்றிவிட்டேன். வெண்கீறல், பள்ளக்கீறல் என்பவை பெயர்கள். நகச்சோதனை அவற்றின் வரையறையில் முதல் வரியாக வருகிறது. மதுரை ஐயாவின் ஏர்பேக் வரியும் பொறியாளரின் முதுகுக்குறியும் தனிக்கட்டத்தில் உள்ளன.

டிரிம் எனக்கு இன்னும் தீரவில்லை. 'உள்மறைப்பு' என்று புணராமல் எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'பட்டறையில் டோர் பேட் எனப்படுவது' என்று சேர்த்திருக்கிறேன். பிளாஸ்டிக், பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. இயலின் தலைப்பு: 'கீறல்களைச் சரிசெய்தல்'.

தஞ்சாவூர் – வெள்ளி விடியல்

வேற்றுமை உருபை விரித்துப் புணர்ச்சியிலிருந்து தப்பிவிட்டீர்கள். இலக்கணப்படி உங்களைப் பிடிக்க வழியில்லை. பள்ளக்கீறலில் ஒற்று இட்டிருப்பதற்கு மகிழ்ச்சி. 'உள்மறைப்பு' என்பதை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். மறுபதிப்புக்கு முன் சொல்லுங்கள், வேயலைப் பற்றி இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது.