ஷொக், ஸ்ட்ரட் வீட்டில் மாற்றியவர்கள்: எந்த இடத்தில் சிக்கியது?

(பள்ளத்தில் கார் துள்ளுவதை அடக்கும் எண்ணெய்க் குழாய் ஷொக்; அதையே ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பூட்டியது ஸ்ட்ரட். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் கார், இடம்.)

விட்ஸ், வெள்ளவத்தை

முன் ஸ்ட்ரட் இரண்டும் எண்ணெய் கசிஞ்சு, டயர் பள்ளம் பள்ளமாத் தேய்ஞ்ச கார். மரைன் டிரைவ் பக்கம் நிக்கிற வாகனத்துக்கு உப்புக்காத்து என்ன செய்யும் எண்டு தெரியும்தானே. நக்கிளை, அதான் சக்கரத்தைத் தாங்குற இரும்பை, ஸ்ட்ரட்டோட பிடிக்கிற ரெண்டு போல்ட்டும் துருவேறி இறுகிப் போச்சு. கூட நிண்ட மெக்கானிக் பாஸ் ஸ்பனரில நீளக் குழாயைச் செருகி போல்ட் தலையைத் திருப்ப, உள்ளுக்குள்ள இரும்பு இரும்பை அரைக்கிற சத்தம். இப்பவும் காதில நிக்குது. கனக்க கார்களில அந்தத் தலைக்குக் கீழ பல்லு வெட்டியிருக்கும். தலையைச் சுத்தினா பல்லு ஓட்டையைத் தின்னும், பிறகு போல்ட் ஒழுங்கா இருக்காது. தலையை அசையாமப் பிடிச்சு நட்டைத்தான் கழட்ட வேணும். முதல்நாள் இரவே துரு எண்ணெய் அடிச்சு விடுங்கோ. நட்டை போல்ட் நுனியோட சமமா விட்டுச் சுத்தியலால தட்டினா புரி கெடாது.

வகன் ஆர், கொட்டாஞ்சேனை

போல்ட்டை விட ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் நடு நட்தான் ஆளைச் சோதிக்கும். நட்டைத் திருப்பினால் ஸ்ட்ரட்டுக்குள் ஏறி இறங்கும் கம்பியான ரொட்டும் சேர்ந்து சுற்றும். அப்போது குறடு எடுத்து அந்தக் குரோம் ரொட்டைக் கவ்விப் பிடித்ததைக் கண்ணால் கண்டதுண்டு. புத்தம் புது ஸ்ட்ரட், ரொட்டில் நகம் இடறும் அளவுக்கு ஒரு கீறல். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கீறல் எண்ணெயை அடைக்கும் சீலுக்குள் போய் வரும், சீல் வெட்டுப்பட்டு எண்ணெய் கசியும். ரொட் நுனியில் அலன் கீ போட ஒரு குழியோ, ஸ்பனர் பிடிக்க ஒரு தட்டையோ இருக்கும். அதில் பிடித்துக்கொண்டு வளைந்த ரிங் ஸ்பனரால் நட்டைத் திருப்புங்கள். சக்கரம் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று இளக்கி வைத்தால் பிறகு லேசு.

ஆல்டோ, தெஹிவளை

மேலே சொன்ன அரைச் சுற்றுக் கதையை நான் ஏற்கமாட்டேன். அரை என்று தொடங்குகிறவர் ஒன்றரையில் நிற்பார். அந்த நட் ஒன்றுதான் சுருங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்ட்ரட்டைக் கழற்றிய பிறகு அது இளகிக் கிடப்பது தெரியாமல் யாராவது நட்டை அடித்துச் சுழற்றும் இம்பக்ட் கன் வைத்தால், ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு பிடிக்கும் மேல் மவுண்ட் முகத்துக்கு வரும்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கொக்கித் திருகுகளான ஸ்பிரிங் கம்பிரஸர் இரண்டையும் நேர் எதிர்ப் பக்கங்களில் போடுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று சுற்று மட்டும். ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளைந்து கொக்கி வழுக்கும். கீழ் இருக்கையில் ஸ்பிரிங் கையால் ஆடும் அளவுக்கு அமுங்கினால் போதும், அதன்பிறகே நட். கம்பிரஸர் திருகுக்கு எண்ணெய் பூசுங்கள், இம்பக்ட் கன் வேண்டாம். வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் கொக்கியில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பூட்டும்போது ஸ்பிரிங்கின் கீழ் நுனி, இருக்கையில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஸ்டியரிங் திருப்பும்போது "டங்" என்று குதித்து உட்காரும். ஸ்ட்ரட் அடியில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப்பர் தூளாகிப் போயிருக்கும், ரொட்டைத் தூசியிலிருந்து மறைக்கும் டஸ்ட் கவரோடு சேர்த்து மாற்றுங்கள். மவுண்டும் பெயரிங்கும் பழையதே போதும் என்பவர்களுக்கு ஒரே வேலை இரண்டு தரம்.

புது ஸ்ட்ரட்டைப் பூட்டுமுன் நிமிர்த்தி வைத்து முழுதாக அமுக்கி முழுதாக இழுங்கள், ஐந்தாறு தரம். பெட்டியில் படுத்துக் கிடந்ததில் உள்ளே போன காற்று வெளியேறும்.

ஃபிட், மருதானை

எல்லாரும் முன்னுக்கே நிற்கிறீர்கள். பின் ஷொக்கில் எனக்கு மறக்காதது கிழிந்த றப்பர் புஷ். பூட்டி அதிக காலம் இல்லை, ஷொக் நல்லாயிருக்கு, போல்ட் போகும் கீழ்க் கண்ணில் இருந்த றப்பர் முறுகிப் பிய்ந்திருந்தது. காரணம், சக்கரம் தொங்கும்போதே கீழ் போல்ட்டை முழுதாக இறுக்கியது. கார் இறங்கியதும் றப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரின் பாரம் சக்கரத்தில் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம். முன் ஸ்ட்ரட்டின் நக்கிள் போல்ட்டுக்கு இது தேவையில்லை, அங்கே றப்பர் கிடையாது.

பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பீமுக்கு அடியில் ஜக் வைக்காமல் பின் ஷொக்கைக் கழற்றாதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஷொக் இரண்டும் இல்லாவிட்டால் பீம் தொங்கி, ஸ்பிரிங் விழுந்து, பிரேக் ஹோஸ் இழுபடும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் ஷொக் வாங்குவதானால் பளபளக்கும் கறுப்புப் பெயின்டை நம்ப வேண்டாம். சீல் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், எண்ணெயில் தூசி ஒட்டிய களி தெரியும். ரொட்டை அமுக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் வெறுமையாக வழுகினால் விட்டுவிடுங்கள். இடம் வலம் சோடியாகவே மாற்ற வேண்டும். முன் ஸ்ட்ரட்டில் எல், ஆர் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், பிரேக் ஹோஸ் பிடி பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

வகன் ஆர், கொட்டாஞ்சேனை

தெஹிவளைக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேல் மவுண்டின் நட்டுகள் பூட்டியிருந்து, பாரம் சக்கரத்தில் இருக்கும்போது அரைச் சுற்றால் ஒன்றும் பறக்காது. ஒன்றரைச் சுற்று போகிறவர் கையில் ஸ்பனரே கொடுக்கக் கூடாது.

விட்ஸ், வெள்ளவத்தை

ஒருத்தரும் சொல்லாத ஒண்டு. ஸ்ட்ரட் கழண்டதும் நக்கிள் வெளிப்பக்கமாச் சரியும். கம்பியால கட்டி வைக்காட்டி சக்கரத்தைச் சுத்துற டிரைவ் ஷாஃப்ட்டின் உள் மூட்டு கழண்டு வரும், பிரேக் ஹோஸும் பாரம் தாங்கும். வெயிலுக்கு இளகின தாரில ஜக் புதையும், கீழ தடிச்ச பலகை போட்டு, ஸ்டாண்டில ஏத்திப்போட்டுத்தான் கை வையுங்கோ. விட்ஸுக்குச் சக்கர நட் 103 நியூட்டன் மீற்றர். நக்கிள் போல்ட் ஓட்டையில கொஞ்ச ஆட்டம் இருக்கிறதால சக்கரத்தின்ர சாய்வு மாறும், வேலை முடிய நேரா வீல் அலைன்மென்டுக்குக் கொண்டு போங்கோ.