இன்டரப்ட் ஹேண்ட்லரில் லாக்கைக் குறைத்த அனுபவம்

டேட்டா அக்விசிஷன் கார்டு ஒன்றின் லினக்ஸ் டிரைவர் என் கைக்கு வந்தது. ஹேண்ட்லர் (கார்டு இன்டரப்ட் அனுப்பியதும் ஓடும் ஃபங்ஷன்) நுழைந்ததும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் (அந்த சிபியுவில் இன்டரப்ட்டுகளை அணைத்து, முந்தைய நிலையை ஃபிளாக்ஸ் மாறியில் சேமித்து, லாக்கைப் பிடிப்பது), வெளியேறும்போது அன்லாக். நடுவில் ஓரிடத்தில் லாக்கை விட்டு, மேலடுக்கின் கால்பேக்கை (தரவு வந்ததும் அழைக்கச் சொல்லிக் கொடுத்த ஃபங்ஷனை) அழைத்து, மறுபடி பிடிக்கிறது. விட்டே ஆக வேண்டும்: அந்தக் கால்பேக் டிரைவருக்குள்ளேயே திரும்பி வந்து அதே லாக்கைக் கேட்கும்.

வினையே அந்த இடைவெளிதான். அதற்குள் இன்னொரு சிபியுவில் சாதனத்தை மூடினால் பஃபர் (தரவு வந்து சேரும் நினைவகம்) விடுவிக்கப்பட்டுவிடும். ஹேண்ட்லர் திரும்பி வந்து பழைய பாயின்டரையே தொடும். எப்போதாவது ஒரு கிராஷ், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். மூன்று வாரம் ஹார்டுவேரைச் சந்தேகப்பட்டோம்.

அப்புறம் உட்கார்ந்து, இந்த லாக் எதைக் காக்கிறது என்று வரி வரியாகக் குறித்தேன். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து கிளியர் செய்வது ஹேண்ட்லர் மட்டுமே. அதற்கு லாக் எதற்கு? ஹேண்ட்லரும் டிரைவரின் மற்றப் பகுதிகளும் சேர்ந்து தொடுவது பஃபர் பட்டியல் ஒன்றைத்தான். ஆகவே முடிந்த பஃபர்களை லாக்குக்குள் ஒரு லோக்கல் பட்டியலுக்கு மாற்றி, லாக்கை விட்டு, கால்பேக்குகளைக் கடைசியில் அழைத்தேன். மறுபடி பிடிக்கும் வேலையே இல்லை. மூடும்போது முதலில் கார்டில் இன்டரப்ட்டை அணைத்து, ஃப்ரீ_ஐஆர்க்யூ (ஹேண்ட்லரின் பதிவை நீக்கும் கெர்னல் ஃபங்ஷன்) அழைத்து, பிறகுதான் பஃபரை விடுவிக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை ஃப்ரீ_ஐஆர்க்யூ காத்திருக்கும். லாக்கைப் பிடித்துக்கொண்டு மட்டும் அதை அழைக்கக் கூடாது.

மறுமொழி:
ஹேண்ட்லருக்குள் ஐஆர்க்யூசேவும் தேவையில்லையே. 2010இல் வந்த 2.6.35 கெர்னலிலிருந்து, ஹேண்ட்லர் ஓடும் சிபியுவில் இன்டரப்ட்டுகள் அணைந்தே இருக்கும். வெறும் ஸ்பின்_லாக் போதும், ஃபிளாக்ஸ் மாறியும் மிச்சம்.

மறுமொழி:
சரிதான், ஆனால் அதைப் படித்துவிட்டு நான் என் டிரைவரில் ஐஆக்டல் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) பக்கத்திலும் வெறும் ஸ்பின்_லாக் போட்டுவிட்டேன். ஐஆக்டல் லாக்கைப் பிடித்திருந்தபோது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்தது. ஹேண்ட்லர் லாக்குக்காகச் சுற்றுகிறது. லாக்கை விட வேண்டியவனோ ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓட முடியும். மெஷின் அப்படியே நின்றது. லாக்டெப்பை (லாக் பிழைகளைக் கண்டறியும் கெர்னல் கருவி) ஆன் செய்து பூட் செய்தேன். தொங்குவதற்கு முன்பே, 'இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்' என்று லாக்கின் பெயரோடு காட்டிக் கொடுத்தது. ஐஆக்டல் பக்கம் இப்போது இன்டரப்ட்டுகளையும் அணைக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ.

முதலில் எழுதியவர்:
லாக்டெப்பை நான் ஆன் செய்யவே இல்லை. இன்றிரவே அந்த டிரைவரை அதில் ஓட்டிப் பார்க்கிறேன்.