ஃபேமஸ்லி (famously): இடம் மாறினா பொருளும் மாறும்

பாப்பா: சித்தப்பா, தலையங்கத்துல "பிராட்மேன் ஃபேமஸ்லி ஃபெயில்ட்"னு இருக்கு. புகழோட தோத்தாரா? ஒட்டவே மாட்டேங்குது

சித்தப்பா: அது அவர் ஆடின விதத்தைச் சொல்லலம்மா. அந்தச் சேதி ஊரறிஞ்சதுன்னு சொல்லுது. 1948, லண்டன் ஓவல் மைதானம், ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மேனோட கடைசி இன்னிங்ஸ். 4 ரன் எடுத்திருந்தா டெஸ்ட் சராசரி 100. டக் அவுட், 99.94ல நின்னுபோச்சு

சித்தப்பா: அந்த இடத்துல "தெரிஞ்ச கதைதான்"னு போட்டுப் படி. பொருந்தினா சரியான இடம்

பாப்பா: பொருந்துது 👍 அப்போ "ஹீ சிங்ஸ் ஃபேமஸ்லி"?

சித்தப்பா: தப்பு. "ஹீ இஸ் எ ஃபேமஸ் சிங்கர்"னு எழுது

மதுரை அத்தை: அண்ணா, "தே காட் ஆன் ஃபேமஸ்லி"யும் சொல்லிடுங்க, அதுலதான் பிள்ளைங்க மார்க்கை விடுதுங்க. அங்க புகழே கிடையாது. ரெண்டு பேரும் நல்லா ஒட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம். பேச்சு வழக்கு, கட்டுரைக்கு வேண்டாம்

சித்தப்பா: ஆமா. அதையே "தே ஃபேமஸ்லி காட் ஆன்"னு முன்னாடி நகர்த்தினா, அவங்க ஒத்துப்போனது ஊருக்கே தெரியும்னு ஆயிடும். வினைக்கு முன்னாடி வை. இஸ், வாஸ், ஹேஸ் இருந்தா அதுக்குப் பின்னாடி: "ஹீ வாஸ் ஃபேமஸ்லி ஷை"

பாப்பா: கெட்ட பேருக்கு?

மதுரை அத்தை: ஒரு தடவை நடந்த அசிங்கத்துக்கு இன்ஃபமஸ்லி (infamously). 1981 மெல்போர்ன்ல, நியூசிலாந்து டை பண்ண கடைசிப் பந்துல 6 வேணும்கிறப்போ ஆஸ்திரேலியாவோட டிரெவர் சாப்பல் சிக்ஸர் அடிக்க விடாம பந்தைத் தரையோட உருட்டி விட்டாரே, அது. எப்பவும் இருக்கிற குணம்னா நொட்டோரியஸ்லி (notoriously), பெரும்பாலும் பெயரடைக்கு முன்னாடி: "நொட்டோரியஸ்லி டிஃபிகல்ட்". இன்-ஃபேமஸ்னு வாசிக்காத கண்ணு, இன்ஃபமஸ். அழுத்தம் முதல் அசையில

சித்தப்பா: இன்னொண்ணு. வாசிக்கிறவனுக்குத் தெரியாத சேதிக்கு ஃபேமஸ்லி போடாத. "எங்க தெரு டெய்லர் ஃபேமஸ்லி"ன்னா நம்ம தெரு தாண்டினா எவனுக்கும் புரியாது

பாப்பா: "ராமானுஜன் ஹேஸ் டோல்ட் ஃபேமஸ்லி டு ஹார்டி தட் 1729 வாஸ் நாட் டல்". சரியா?

மதுரை அத்தை: மூணு இடம் பாரு. 1729 சுவாரசியமில்லாத எண்ணுன்னு கணித மேதை ஹார்டி சொன்னதுக்கு ராமானுஜன் மறுத்தது முடிஞ்சுபோன சம்பவம், ஹேஸ் வராது. டோல்டுக்கு அப்புறம் டு வராது. ஃபேமஸ்லி முன்னாடி வரணும்

பாப்பா: "ராமானுஜன் ஃபேமஸ்லி டோல்ட் ஹார்டி தட் 1729 வாஸ் நாட் டல்"

சித்தப்பா: ✅ இப்போ சரி