மறு: 'தூசிப் படிவம்' சரியா?

> 'டெபோசிஷன் ஃபிளக்ஸ்' (இவ்வளவு பரப்பில், இவ்வளவு நேரத்தில் படியும் தூசியின் அளவு) என்பதற்குத் 'தூசிப் படிவம்' என்று போட்டிருக்கிறேன். சோலார் தகடு பற்றிய கட்டுரைக்கு. சரிதானா?

வணக்கம்.

படிவம் வேண்டாம். ரேஷன் கார்டுக்கு நிரப்பிக் கொடுப்பதும் படிவம்தான். வீழ்படிவை வேதியியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'படிவுப் பாயம்' காந்தப்பாயத்தோடு (மேக்னடிக் ஃபிளக்ஸ்) ஒத்துப்போகும், குறை சொல்ல முடியாது. ஆனால் தகட்டைத் துடைப்பவர் அதைக் கேட்டு என்ன புரிந்துகொள்வார்?

அலகைப் பிரித்துப் பாருங்கள். பி.எம். 10-க்கு (விட்டம் 10 மைக்ரோமீட்டருக்கு மிகாத தூசித் துகள்கள்) இந்தியத் தரநிலை 2009இல் வைத்த 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அது காற்றில் மிதக்கிற கணக்கு. தகட்டில் சேர்வது வேறு. தூசி படியும் வேகத்தை ('டெபோசிஷன் வெலாசிட்டி') தோராயமாக விநாடிக்கு 1 செ.மீ. என்று கொண்டு, அதாவது 0.01 மீட்டரால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு விநாடிக்கு 1 மைக்ரோகிராம். நாளுக்கு 86,400 விநாடி, ஆக 86.4 மில்லிகிராம். மழையும் துடைப்பும் இல்லாத 30 நாளில் சுமார் 2.6 கிராம்.

உங்கள் வரைவில் 2.6 கிலோ என்று இருக்கிறது! எங்கோ மைக்ரோ மில்லியாகிவிட்டது. தூசிக்குத் தண்ணீரின் அடர்த்தி என்று வைத்தால்கூட அது மாதம் 2.6 மி.மீ. கனம், தகட்டில் கோலம் போடலாம். சரியான கணக்கில் வருவது 2.6 மைக்ரோமீட்டர்தான்.

இவ்வளவு பரப்பில், இவ்வளவு நேரத்தில் என்பதை 'வீதம்' தாங்கும். என் பரிந்துரை 'படிவீதம்'. சுடுசோறு, குடிநீர் போல வினைத்தொகை. படிந்தது, படிகிறது, படியப்போவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

கூடவே 'டெபோசிஷன் வெலாசிட்டி'க்கு நீங்கள் போட்ட 'படிவுத் திசைவேகம்'. படிவீதத்தைக் காற்றிலுள்ள செறிவால் வகுத்து வரும் ஈவு அது. அலகு செ.மீ./விநாடி என்று அமைவதால் வேகம் என்கிறோம். எந்தத் துகளும் அந்த வேகத்தில் விழுந்தாக வேண்டியதில்லை. திசை எதற்கு? இலங்கைப் பாடநூல்களில் வெலாசிட்டியே வேகம்தான், ஸ்பீடுதான் கதி. 'படிவேகம்' இரு கரைக்கும் பொருந்தும்.

———

> என் பரிந்துரை 'படிவீதம்'.

ஐயா, எங்கள் பக்கம் "படி என்ன வீதம்?" என்றால் அரிசி விலை கேட்கிறார்கள் என்று பொருள். :)

———

அப்படியானால் 'தூசிப்படிவீதம்' என்று சேர்த்தே எழுதுகிறேன். படிவேகமும் எடுத்துக்கொண்டேன். கிலோவை இப்போதே மாற்றிவிட்டேன், நன்றி ஐயா.