லா மோனேடா: நாணயச் சாலையின் மீது ஏன் குண்டு வீசினார்கள்?

தெற்குவாசி (கேள்வி):
சாந்தியாகோவிலுள்ள சிலி அதிபர் மாளிகையான லா மோனேடாவின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. குவிமாடமோ கோபுரமோ இல்லாமல், அகலமாகவும் தாழ்வாகவும் நிற்கும் அந்தக் கட்டடம் முதலில் நாணயம் அச்சிடுவதற்காகவே எழுப்பப்பட்டது என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை 1973இன் இராணுவக் கவிழ்ப்பில் விமானத்திலிருந்து தாக்கும் அளவுக்கு அதற்கு முன்பே ஓர் அடையாள மதிப்பு இருந்ததா, அல்லது அந்தத் தாக்குதலே அதை அடையாளமாக்கியதா?

சுண்ணாம்புச்சுவர்:
கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1780இல் சிலிக்கு வந்த, ரோம் நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹோவாகின் டோயெஸ்கா, ஸ்பானிய அரசுக்காக வரைந்த நாணயச் சாலை இது. அவர் 1799இல் இறந்துவிட, 1805இல்தான் இது திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் விடுதலை இயக்கம் தொடங்கிவிட்டதால், பேரரசு தனக்கெனக் கட்டிய மாபெரும் கட்டடத்தைக் குடியரசு அனுபவிக்க நேர்ந்தது. நிலநடுக்கம் ஓயாத நாட்டில் தடித்த சுவரும் குறைந்த உயரமும் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1840களில் அதிபர் மனுவேல் புல்னெஸ் இங்கே குடியேறிய பிறகும், 1929 வரை ஒரு பக்கம் ஆட்சியும் மறுபக்கம் நாணய அச்சும் ஒரே வளாகத்தில் நடந்தன. நாணயச் சாலை இடம் மாறிய பின்னரே தெற்கு முகப்பு கட்டப்பட்டது. ஆகவே தெற்குப் பக்கத்து அலமேடா சாலையிலிருந்து எடுக்கப்படும் படங்களில் தெரிவது டோயெஸ்காவின் முகப்பு அன்று.

ஆவணப்பித்தன்:
அடையாள மதிப்பு முன்பே இருந்தது என்பதே என் கருத்து. அதே 1973இன் ஜூன் 29 அன்று ஒரு படைப்பிரிவு டாங்கிகளுடன் வந்து லா மோனேடாவைத்தான் சூழ்ந்தது. தளபதி கார்லோஸ் பிராட்ஸ் நேரில் தலையிட்டு அக்கலகத்தை அடக்கினார். செப்டம்பர் 11 அன்று ஹாக்கர் ஹன்டர் விமானங்கள் வருவதற்கு முன்பே தரைப்படை மாளிகையைச் சுற்றி வளைத்திருந்தது. ஆனால் அதிபர் சால்வடோர் அயெந்தே சரணடைய மறுத்து, ரேடியோ மகயானெஸ் வழியாக நாட்டு மக்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் தமது இருக்கையிலேயே இருக்கிறார் என்ற காட்சியை அழிக்காமல் கவிழ்ப்பு முழுமை பெறாது என்று படைத்தலைவர்கள் கருதியிருக்க வேண்டும். வேறு விதமாக அந்தக் குண்டுவீச்சை எனக்கு விளக்கத் தெரியவில்லை. அயெந்தே அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது 2011இல் உடலைத் தோண்டியெடுத்து நடத்திய ஆய்வில் உறுதியாயிற்று.

எரிந்த மாளிகை பழுதுபார்க்கப்படும் வரை இராணுவ ஆட்சி இயங்கியது எங்கே தெரியுமா? 1972இன் ஐ.நா. வணிக மாநாட்டுக்காக அயெந்தே அரசு கட்டிய கட்டடத்தில்! புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1981 மார்ச் 11 அன்றுதான் இராணுவ ஆட்சியின் தலைவர் பினோசெட் லா மோனேடாவுக்குள் நுழைந்தார்.

சுண்ணாம்புச்சுவர்:
அந்தப் பழுதுபார்ப்பில் முகப்பு முன்போலவே மீண்டது. ஆனால் மொராண்டே தெருவின் 80ஆம் எண் வாசல் மட்டும் சுவரோடு சுவராக அடைக்கப்பட்டது. 1906இல் வைக்கப்பட்ட அந்தச் சிறு வாசல், காவல் அணிவகுப்பு ஏதுமின்றி அதிபர்கள் சாதாரணக் குடிமக்களைப் போல வந்துபோவதற்கானது. அயெந்தேயின் உடல் அதன் வழியாகத்தான் வெளியே கொண்டுவரப்பட்டது. டோயெஸ்காவின் வரைபடத்தில் இல்லாத அந்தக் கதவை அடைத்தவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே தெரிந்திருந்தது. அதிபர் ரிக்கார்டோ லாகோஸ் 2000இல் உள்முற்றங்களைப் பொதுமக்கள் நடந்து செல்லத் திறந்துவிட்டார். தாக்குதலின் முப்பதாம் ஆண்டான 2003இல் அந்த வாசலையும் மீண்டும் வைத்து, தாமே அதன் வழியாக உள்ளே சென்றார்.

தெற்குவாசி:
இருவருக்கும் நன்றி. தாக்குதலுக்கு முன்பே அது அடையாளமாக இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த மதிப்பு முகப்பைவிடப் பக்கவாட்டு வாசலில்தான் கூடுதலாக இருந்தது என்று தோன்றுகிறது. இதில் ஆவணப்பித்தன் ஐயா உடன்படுவாரா என்று அறிய விரும்புகிறேன்.