டிபக்வயருக்குத் தமிழ்: ஓரிழையா, ஒற்றைக்கம்பியா?

காரைக்குடி:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடிக்கிறது. ஏடிடைனி85, ஏடிமெகா328பி என்ற நுண்கட்டுப்படுத்திச் சில்லுகளில் ரீசெட் கால் வழியாகவே உள்ளே ஓடும் நிரலை நிறுத்தலாம், பதிவகங்களைப் படிக்கலாம், கட்டளை கட்டளையாக நகர்த்தலாம். சில்லைச் செய்த அட்மெல் நிறுவனம் இதற்கு வைத்த பெயர் டிபக்வயர். டிபக்கிங், அதாவது நிரலில் பிழை தேடித் திருத்துவது, வழுநீக்கம் என்பதால் ‘ஓரிழை வழுநீக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தேவகோட்டை:
இழை வேண்டாம் தம்பி. நிரலாக்கத்தில் த்ரெட்டுக்கும் இழை என்றுதான் எழுதுகிறோம், பையன்கள் குழம்புவார்கள். கம்பி என்றே போடுங்கள்.
‘வழு’ நல்ல சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களை நன்னூல் சொல்கிறது. தகுந்த காரணம் இருந்தால் வழுவையும் ஏற்கலாம், அது வழுவமைதி. உவப்பில் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பதுபோல. சில்லில் உள்ள குறையைத் தெரிந்தே சுற்றிப்போக நாம் எழுதும் வரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அதையும் கையேட்டில் சேருங்கள்.

பள்ளத்தூர்:
வழுவமைதிக்கு என் வாக்கு உண்டு. ‘நீக்கம்’ கூடாது. இந்தக் கம்பி எதை நீக்குகிறது? காட்டத்தான் செய்கிறது, நீக்குவது ஆள். ‘வழுநாடி’ என்று வையுங்கள். அப்புறம், செக்காலை ரோட்டுக் கடையில் கம்பி என்று கேட்டால் கட்டடக் கம்பியைத்தான் காட்டுவார்கள். வயர் என்றே விட்டால் என்ன குறை?

காரைக்குடி:
ஆச்சி, வழுநாடி அழகான சொல். ஆனால் வழுநீக்கம் ஏற்கெனவே புழங்குகிறது, மாணவர்கள் தேடினால் கிடைக்கும். வயர் என்று விட எனக்கு மனமில்லை.
இன்னொரு சிக்கல்: தரைக்கம்பியும் வேண்டுமே, அப்போது ‘ஒற்றை’ எப்படி? சைகை போகும் கம்பி ஒன்று என்று விளக்கிவிடுகிறேன். ஏஆர்எம் சில்லுகளின் வழுநீக்க இணைப்பான எஸ்டபிள்யூடியில் அது இரண்டு, தரவுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று.
மாணவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். டிபக்வயரை இயக்கும் டிடபிள்யூஇஎன் ஃபியூஸை (சில்லுக்குள் இருக்கும் அமைப்பு பிட்) போட்டதும் ரீசெட் கால் ரீசெட்டாக இருப்பதில்லை, சில்லில் நிரலை ஏற்றும் வழியான ஐஎஸ்பியும் வேலை செய்யாது. சில்லு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். அதே கம்பி வழியாக டிபக்வயரைத் தற்காலிகமாக நிறுத்தி, ஐஎஸ்பியில் ஃபியூஸை எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் ரீசெட்டோடு சேர்ந்த 100 நானோஃபாரட் மின்தேக்கி சைகையைக் கெடுக்கும், பலகையில் ரீசெட்‑இஎன் என்று குறித்த செம்புத் தடத்தை வெட்டியே ஆகவேண்டும்.

தேவகோட்டை:
‘ஒற்றைக்கம்பி வழுநீக்கம்’. முடித்துவிடுங்கள், நேரமில்லை.

பள்ளத்தூர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. அடுத்த பதிப்பில் வழுநாடியை மறுபடி எழுப்புவேன்.
பிரேக்பாயிண்டை ‘முறிபுள்ளி’ என்று போட்டிருப்பதையாவது மாற்றுங்கள். அங்கே எதுவும் முறிவதில்லை. நிரல் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில், அங்கிருந்த கட்டளையின் இடத்தில் வழுநீக்கக் கருவி பிரேக் கட்டளையை எழுதுகிறது, நிரல் அங்கே வந்து நிற்கிறது. ‘நிறுத்தம்’ போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஃப்ளாஷ் தேய்கிறது, 10,000 முறை அழித்து எழுதத்தான் உத்தரவாதம். அதனால் வழுநீக்கத்துக்குப் பயன்படுத்திய சில்லை விற்கிற பொருளில் வைக்கக்கூடாது என்பதைப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடுங்கள்.