புதுப்பிப்பு: டிரிம்மரா, க்ரூமிங் கிட்டா?

தாடிக்குத் தனி டிரிம்மரே போதும், கிட் (மூக்கு முடிக்கான தனித் தலையும் சேர்ந்து வரும் செட்) வேண்டாம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஒரு திருத்தம்: மூக்கு முடியும் வெட்டுவீர்கள் என்றால் கிட்தான் வேண்டும். தாடி பிளேடை மூக்குக்குள் விடவே கூடாது.

"டிரிம்மர் முடியைப் பிடித்து இழுக்குது" என்றவர்களுக்கு: பல நேரம் பிளேடு மழுங்கியிருக்காது. நம்ம ஊர் உப்புப் போர்த் தண்ணியில் கழுவி ஈரத்தோடு வைத்தால் பிளேடின் பல்லிடுக்கில் வெள்ளையாகப் படியும்; அதுதான் முடியை இழுக்கும். பிரஷால் தட்டி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் 2 சொட்டு விட்டு 10 விநாடி ஓடவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்; நாள்பட்டால் பிசுபிசுத்து முடித்தூளைப் பிடித்துக்கொள்ளும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினால், முடி நீளத்தை வைக்கும் சீப்பை டிரிம்மரில் மாட்டி அசைத்துப் பாருங்கள். ஆடினால் 3 மில்லிமீட்டர் வைத்தாலும் தாடி மேடுபள்ளமாகத்தான் வரும்.